ஜெயித்தவருக்கு ஏன் செலவுத்தொகை இல்லை?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நிலத் தகராறு வழக்குகளைப் பற்றி உங்கள் பத்திரிகையில் அடிக்கடி செய்தி வருகிறது. எத்தனை வருடம் இழுத்தது, யார் ஜெயித்தார், எந்தக் கோர்ட்டு வரை போனது என்பதெல்லாம் இருக்கும். ஜெயித்தவர் வழக்குக்காகக் கட்டிய பணம் தோற்றவரிடமிருந்து செலவுத்தொகையாகத் திரும்பி வந்ததா, தோற்றவர் எவ்வளவு கட்டினார், அந்தத் தொகை சரியில்லை என்றால் யாரிடம் போய்ச் சொல்வது என்பது மட்டும் எதிலும் வருவதில்லை. அதனால்தான் இந்தக் கடிதம், கொஞ்சம் நீளமாகவே இருக்கும், வேண்டிய இடத்தில் வெட்டிப் போட்டுக்கொள்ளுங்கள்.

நான் வக்கீல் இல்லை. தென்மாவட்டம் ஒன்றில் பத்திர எழுத்தர். சார்பதிவாளர் அலுவலகமும் கோர்ட்டும் பக்கத்துப் பக்கத்துத் தெருவில் இருப்பதால், தீர்ப்பு நகல் வாங்கிய கையோடு பலர் என் மேசைக்கு வந்துவிடுவார்கள். பட்டா மாற்ற இது போதுமா, வில்லங்கத்தில் ஏறுமா என்று கேட்பார்கள். நான் முதலில் கடைசிப் பக்கத்தைத்தான் திருப்புவேன். அங்கே பெரும்பாலும் ஒரே மாதிரி ஒரு வரி இருக்கும்: "வழக்கின் சூழ்நிலையைக் கருதி செலவுத்தொகை இல்லை." சில தீர்ப்பில் "தரப்பினரின் உறவுமுறையைக் கருதி" என்றிருக்கும். படிப்பவர் கண்ணுக்கு அது கையெழுத்துக்கு முன்னால் வரும் சம்பிரதாய வாக்கியம் மாதிரித் தெரியும். பல பேருக்கு அந்த வரியில்தான் பெரிய தொகை போயிருக்கிறது.

ஒரு அம்மாவின் வழக்கைச் சொல்கிறேன், பெயரும் ஊரும் வேண்டாம். கணவர் வாங்கிப் போட்ட வீட்டுமனை. பக்கத்து மனைக்காரர் காம்பவுண்டு சுவரை ஒன்றரை அடி உள்ளே தள்ளிக் கட்டிவிட்டு, முழு மனையுமே எனக்குத்தான் என்று பேச ஆரம்பித்துவிட்டார். இந்த அம்மா மனை தனக்குத்தான் என்ற அறிவிப்பும் (உரிமை விளம்புகை), இடத்தைத் தன் கையில் ஒப்படைப்பதும் (சுவாதீனம்) கேட்டு வழக்குப் போட்டார். இந்த மாதிரி வழக்குக்குச் சொத்தின் சந்தை மதிப்பின் மேல் கோர்ட் ஃபீஸ் கட்ட வேண்டும். இப்போது தமிழ்நாட்டில் 3 சதவீதம். 2017-ல் திருத்தம் வருவதற்கு முன்னால் 7.5 சதவீதம். அம்மா வழக்குப் போட்டது அதற்கு முன்னால். மனையின் மதிப்பு 8 லட்சம், ஆக கோர்ட் ஃபீஸ் மட்டும் 60,000 ரூபாய். நகையை அடகு வைத்துத்தான் கட்டினார். அப்புறம் இடத்தைப் பார்த்து அறிக்கை தர கோர்ட் அனுப்பும் ஆணையருக்குக் கட்டணம், சர்வேயருக்குப் படி, சாட்சிக்கு பேட்டா, ஒவ்வொரு வாய்தாவுக்கும் ஏதாவது ஒன்று, வக்கீல் ஃபீஸ் தனி.

ஜெயித்தார். முழுசாக ஜெயித்தார். மனை அவருடையது, சுவரை இடிக்க வேண்டும், இத்தனை நாளுக்குள் சுவாதீனம் ஒப்படைக்க வேண்டும் என்று எல்லாம் வந்தது. கடைசி வரியில், தரப்பினர் அக்கம்பக்கத்தினர் என்பதால் செலவுத்தொகை இல்லை! தீர்ப்பாணையின் பின்பக்கத்தில் வாதி செலவு, பிரதிவாதி செலவு என்று இரண்டு பத்தியாகக் கோடு போட்ட பட்டியல் இருக்குமே, வழக்குரை முத்திரை, வக்காலத்து, வக்கீல் கட்டணம், அழைப்பாணைப் படி என்று வரிசையாக, அதில் ஒரு பைசாவும் ஏறவில்லை. சுவரைத் தள்ளிக் கட்டியவர் தன் வக்கீலுக்குக் கொடுத்ததைத் தவிர வேறு எதுவும் இழக்கவில்லை. இந்த அம்மா தன் மனையைத் தனக்கே உறுதி செய்துகொள்ள 60,000 கட்டியிருக்கிறார். அக்கம்பக்கம் என்ற மரியாதை சுவர் கட்டும்போது எங்கே போயிருந்தது என்று அவர் கேட்டார், எனக்குப் பதில் தெரியவில்லை.

சட்டம் என்ன சொல்கிறது என்று பார்த்தால், ஆச்சரியமாக, சட்டம் அந்த அம்மா பக்கம்தான் இருக்கிறது. உரிமையியல் நடைமுறைச் சட்டம், வக்கீல்கள் சி.பி.சி. என்பார்கள், அதில் 35-வது பிரிவு. செலவுத்தொகை கொடுப்பதா, யார் கொடுப்பது, எவ்வளவு என்பதெல்லாம் நீதிபதியின் விருப்புரிமை. ஆனால் ஜெயித்தவருக்குச் செலவு போவதுதான் இயல்பு, அப்படிப் போக வேண்டாம் என்று நீதிபதி நினைத்தால் அதற்கான காரணத்தை எழுத்தில் சொல்ல வேண்டும் என்று அதே பிரிவின் இரண்டாவது உட்பிரிவு சொல்கிறது. "வழக்கின் சூழ்நிலை" என்பது காரணமா? எந்தச் சூழ்நிலை? ஒவ்வொரு வழக்குக்கும் ஒரு சூழ்நிலை இருக்கத்தானே செய்கிறது.

எல்லா வழக்கிலும் தோற்றவரைப் பிழிய வேண்டும் என்று நான் சொல்லவில்லை. அண்ணன் தங்கை பாகப்பிரிவினை வழக்கில் அவரவர் செலவு அவரவருக்கு என்று போடுவது நியாயம்தான், பங்கு இருவருக்கும் உண்டு, இதில் யார் ஜெயித்தது யார் தோற்றது. தாத்தா காலத்துப் பத்திரத்தில் எல்லை குழப்பமாக எழுதியிருந்து இரண்டு பேருமே நல்லெண்ணத்தில் வழக்காடினால் அதுவும் அப்படித்தான். அதைக் காரணமாக இரண்டு வரி எழுதினால் போதும், யாரும் குறை சொல்லப் போவதில்லை. எழுதாமல் விடுவதில்தான் சிக்கல், ஏனென்றால் எழுதாத காரணத்தை எதிர்த்து மேல்முறையீட்டில் வாதாடுவது எப்படி?

அந்த அம்மா கேட்டது அதைத்தான். செலவுத்தொகைக்கு மட்டும் அப்பீல் போகலாமா? போகலாம், தடையில்லை. செலவுத்தொகையும் தீர்ப்பாணையின் ஒரு பகுதி. மாவட்ட நீதிமன்றத்துக்கு 30 நாள், உயர் நீதிமன்றத்துக்கு என்றால் 90 நாள். செலவு மட்டுமே அப்பீலின் பொருள் என்றால் அந்தத் தொகைக்குக் கோர்ட் ஃபீஸ் கட்ட வேண்டும், 60,000-க்கு 3 சதவீதம் 1,800 ரூபாய், அது பெரிய தொகை இல்லை. பிரச்சினை வேறு இடத்தில். இது கீழ்க்கோர்ட்டின் விருப்புரிமை, கொள்கை அளவில் தவறு இருந்தால் ஒழிய தலையிட மாட்டோம் என்பதுதான் மேல் கோர்ட்டுகளின் வழக்கமான நிலை. காரணமே எழுதவில்லை என்பது கொள்கைத் தவறுதான் என்று வாதிடலாம், நல்ல வாதம். ஆனால் அந்த வாதத்தைச் சொல்ல ஒரு வக்கீல் வேண்டும், அவருக்குக் கொடுப்பது வரப்போகும் பணத்தில் பாதியைத் தின்றுவிடும். அவருடைய வக்கீலே, விடுங்கம்மா, இடம் வந்துவிட்டதே என்று சொல்லிவிட்டார். நான் அந்த வக்கீலைக் குறை சொல்ல மாட்டேன், நடைமுறை அதுதான்.

இங்கேதான் பலருக்குத் தெரியாத ஒரு வழி இருக்கிறது. தோற்ற பக்கத்துக்காரர் சும்மா இருப்பாரா, அவர் அப்பீல் போட்டுவிட்டார். எதிராளி அப்பீல் போட்டால், ஜெயித்தவர் தனக்கு மறுக்கப்பட்டதைக் கேட்டு அதே அப்பீலுக்குள் கிராஸ் அப்ஜெக்‌ஷன், அதாவது எதிர் ஆட்சேபணை போடலாம், சி.பி.சி. கட்டளை 41 விதி 22. அப்பீல் நோட்டீஸ் கிடைத்ததிலிருந்து ஒரு மாதம். எப்படியும் அந்த அப்பீலுக்கு வக்கீல் வைத்துத்தான் ஆக வேண்டும், கூட ஒரு மனு. எதிராளி பிறகு அப்பீலை வாபஸ் வாங்கினாலும் இது தனியாக நிற்கும். அந்த அம்மா போட்டிருக்கிறார், வழக்கு நடக்கிறது. ஆனால் பெரும்பாலானவர்கள் நோட்டீஸ் வந்ததும் "அவன்தானே அப்பீல் போட்டான், நாம போய் நின்னா போதும்" என்று அந்த ஒரு மாதத்தை விட்டுவிடுகிறார்கள்.

இனி தோற்றவர்கள் பக்கம். அவர்களுக்குச் செலவுத்தொகை போடப்பட்டால் நடப்பது வேறு கூத்து. அப்பீல் போட்டாகிவிட்டது, இனி ஒன்றும் செய்ய முடியாது என்று நினைத்துக்கொண்டிருப்பார்கள். அப்பீல் போட்டதாலேயே கீழ்க்கோர்ட்டுத் தீர்ப்பு நின்றுவிடாது. தடை உத்தரவு தனியாகக் கேட்டு வாங்க வேண்டும். வாங்காவிட்டால் ஜெயித்தவர் செலவுத்தொகைக்கு நிறைவேற்று மனு போட்டு, உத்தரவை நிறைவேற்றும் கோர்ட் ஊழியரான அமீனா வீட்டு வாசலில் வந்து நிற்கலாம். இன்னொன்று, அப்பீல் மனுவில் இடத்தைப் பற்றிப் பத்துக் காரணம் எழுதுகிறவர்கள், செலவுத்தொகையைப் பற்றித் தனியாக ஒரு காரணம் எழுத மறந்துவிடுகிறார்கள். இடத்தில் தோற்றாலும் செலவிலாவது குறைத்துக் கேட்கும் வாய்ப்பு அதோடு போகிறது. தொகையைக் கூட்டியதில் வெறும் கணக்குப் பிழை என்றால் அப்பீலே வேண்டாம், அதே கோர்ட்டில் சி.பி.சி. 152-வது பிரிவில் திருத்தச் சொல்லி மனுப் போட்டால் போதும்.

இதைவிட அதிகம் பேரைக் கவிழ்ப்பது நிபந்தனைச் செலவு. திருப்பூருக்கு வேலைக்குப் போன ஒருவருக்கு கோர்ட்டுக்கு வராததால் ஊரில் ஒருதலைப்பட்சத் தீர்ப்பு ஆகிவிடுகிறது. தாமதத்தை மன்னிக்கக் கேட்டு மனுப் போடுகிறார். கோர்ட்டும் இரக்கப்பட்டு, இன்ன தேதிக்குள் எதிர்த்தரப்புக்கு 5,000 ரூபாய் செலுத்தும் நிபந்தனையில் மனு அனுமதிக்கப்படுகிறது, தவறினால் மனு தள்ளுபடி என்று உத்தரவு போடுகிறது. வக்கீல் குமாஸ்தா போனில் சொல்ல மறந்தாலோ, இவர் சம்பளம் வரட்டும் என்று இருந்தாலோ, தேதி தாண்டியதும் மனு தானாகச் செத்துவிடும். குடும்பத்தின் ஒரே நிலம், 5,000 ரூபாயில் போய்விடும். நான் பார்த்த ஒருவர் பணத்தை எடுத்துக்கொண்டு மறுநாள் வந்து நின்றார், வாங்க ஆளில்லை. 148-வது பிரிவில் கால நீட்டிப்பு கேட்கலாம், அதில் மொத்தம் 30 நாள் என்று ஒரு வரம்பு இருக்கிறது. சேலம் வழக்கறிஞர்கள் சங்கம் போட்ட வழக்கில் 2005-ல் உச்ச நீதிமன்றம், தன் கையில் இல்லாத காரணத்தால் தவறியிருந்தால் அந்த வரம்பைத் தாண்டியும் நீட்டிக்க நீதிமன்றத்துக்கு அதிகாரம் உண்டு என்று சொல்லியிருக்கிறது. இல்லையென்றால் மதுரைக் கிளைக்குச் சீராய்வு மனு, அதற்கான செலவு இந்த 5,000-த்தைப் போலப் பல மடங்கு.

பணத்தை வாங்குகிறவருக்கும் இதில் ஒரு கண்ணி உண்டு. அந்த உத்தரவையே எதிர்த்து மேலே போக நினைக்கிறவர், நிபந்தனைத் தொகையை மறுபேச்சில்லாமல் வாங்கிக்கொண்டால், வாங்கிக்கொண்டாயே, இப்போது எப்படி எதிர்க்கிறாய் என்று மறுதரப்பு கேட்கும். வாங்காமல் இருப்பதோ, ஆட்சேபணைக்கு உட்பட்டு என்று எழுதிக் கொடுத்து வாங்குவதோ, வக்கீலிடம் முதலிலேயே பேச வேண்டிய விஷயம்.

பொய் வழக்குக்கு என்ன தண்டனை என்று கேட்பீர்கள். சி.பி.சி.யில் 35-ஏ என்று ஒரு பிரிவு. பொய்யான, தொல்லை கொடுக்கும் வழக்கு என்று தெரிந்தே போட்டால் எதிர்த்தரப்புக்கு ஈட்டுச் செலவு, அதாவது நஷ்ட ஈடு மாதிரி ஒரு தொகை. அதன் உச்சவரம்பு 3,000 ரூபாய். 1976-ல் வைத்தது. அன்று ஒரு குமாஸ்தாவின் பல மாதச் சம்பளம், இன்று ஒரு வாய்தாவுக்குக் காணாது. 2012-ல் சட்ட ஆணையம் தன் 240-வது அறிக்கையில் இதை ஒரு லட்சமாக்கச் சொன்னது. இன்னும் 3,000-த்திலேயே நிற்கிறது. இந்த உத்தரவுக்கு எதிராக அப்பீல் போக 104-வது பிரிவு இடம் கொடுக்கிறது என்பது உண்மை, ஆனால் உத்தரவு போட்டிருக்கவே கூடாது அல்லது இவ்வளவு போட்டிருக்கக் கூடாது என்ற காரணத்துக்கு மட்டும்தான். குறைவாகப் போட்டார்கள் என்று அதில் அப்பீல் போக முடியாது. பணம் கட்டச் சொன்னவருக்குக் கதவு திறந்திருக்கிறது, பாதிக்கப்பட்டவருக்கு இல்லை.

இந்த 3,000 ரூபாய்ப் பூட்டு உச்ச நீதிமன்றத்தின் கையையே கட்டிப்போட்டிருக்கிறது. டில்லியில் ஒரு கட்டடத் தகராறில் உயர் நீதிமன்றம் தோற்றவரை 45 லட்சத்துக்கு மேல் செலவுத்தொகை கட்டச் சொன்னது, எதிர்த்தரப்பு வக்கீல்களின் உண்மையான ஃபீஸ் அவ்வளவு என்பதால். 2011-ல் உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்தது. விதிகள் அனுமதிக்கும் செலவும், கூடுதலாக 3,000 ரூபாயும்தான் என்று முடித்தது. அதற்கு முந்தைய வருடம் இன்னொரு டில்லி வழக்கில், தோற்றால் 25 லட்சம் தருவேன் என்று எழுதிக் கொடுத்துவிட்டு வழக்கை நடத்து என்று சொத்து கேட்டவரிடம் உயர் நீதிமன்றம் சொல்லியிருந்தது, அதையும் உச்ச நீதிமன்றம் செல்லாது என்றது. இரண்டுமே சரிதான் என்று நினைக்கிறேன். 25 லட்சம் எழுதிக் கொடுக்கச் சொன்னால் ஏழை எவன் கோர்ட்டுக்கு வருவான்? ஆனால் அதே 2011-ல், டில்லியில் தலைமுறையாக இழுத்த இன்னொரு சொத்து வழக்கில், வேண்டுமென்றே இழுத்தவர்கள் மேல் 2 லட்சம் செலவுத்தொகை போட்டதும் உச்ச நீதிமன்றம்தான். பொய்யாக வழக்காடுகிறவனுக்கு லாபம் இல்லை என்றால்தான் வழக்கு குறையும் என்று அந்தத் தீர்ப்பில் விரிவாகவே எழுதியிருக்கிறார்கள். அது கீழே சப் கோர்ட் வரை வந்து சேரவில்லை.

இன்னொரு வேடிக்கை. 2015-ல் வணிக நீதிமன்றங்கள் சட்டம் வந்தபோது வணிக வழக்குகளுக்கு மட்டும் 35-வது பிரிவை முழுக்க மாற்றி எழுதினார்கள். தோற்றவர் கட்டுவது பொது விதி, மாறினால் காரணம் எழுத வேண்டும், தரப்பினர் வழக்கில் நடந்துகொண்ட விதத்தைப் பார்க்க வேண்டும், 3,000 வரம்பும் இல்லை. கடை வாடகை ஒப்பந்தத்துக்காகக் கம்பெனியும் கம்பெனியும் வழக்காடினால் இந்தப் புது விதி. அந்த அம்மாவின் வீட்டுமனைக்குப் பழையதுதான். எது அவசரம் என்று யார் முடிவு செய்தார்களோ.

இதில் எல்லாவற்றுக்கும் நாடாளுமன்றத்தைக் காத்திருக்க வேண்டியதில்லை. செலவுப் பட்டியலில் ஏறும் வக்கீல் கட்டணத்துக்கு நம் உயர் நீதிமன்றத்தின் 1973-ம் வருட விதிகள் இருக்கின்றன, அதில் வரும் தொகைக்கும் உண்மையில் கைமாறும் தொகைக்கும் சம்பந்தமே கிடையாது. இன்றைய நிலவரத்துக்கு அதை மாற்றி அமைப்பது உயர் நீதிமன்றத்தின் கையில்தான் இருக்கிறது. செலவுத்தொகையை மறுத்தால் காரணம் எழுதுங்கள் என்று கீழ்க்கோர்ட்டுகளுக்கு ஒரு சுற்றறிக்கை அனுப்பவும் யாருடைய அனுமதியும் வேண்டாம், சட்டம் ஏற்கெனவே அதைத்தான் சொல்கிறது. வக்கீல்களும் வாதம் முடிகிற அன்று தங்கள் கட்சிக்காரரின் செலவுக் கணக்கைத் தாக்கல் செய்து, செலவுத்தொகை ஏன் வேண்டும் என்று ஒரு நிமிடம் பேசினால் நல்லது. கேட்காத ஒன்றை நீதிபதி யோசித்து எழுதுவார் என்று எதிர்பார்ப்பதும் கொஞ்சம் அதிகம்தான்.

உங்கள் ஞாயிறு இணைப்பில் வரும் சட்டக் கேள்வி பதில் பகுதியில் இந்த விஷயத்தை ஒரு வாரம் எடுத்துக்கொள்ள முடியுமா என்று பாருங்கள். குறிப்பாக நாள் கணக்கை. தீர்ப்பை இ-கோர்ட்ஸ் தளத்தில் பிரவுசிங் சென்டரில் போய் எடுத்துப் பார்த்துவிட்டு நகல் மனு போடாமலே இருந்துவிடுகிறார்கள். அப்பீலுக்குச் சான்றிட்ட நகல் வேண்டும். நகலின் முத்திரையில் மனு போட்ட தேதி, நகல் தயாரான தேதி எல்லாம் குறித்திருக்கும், நகல் தயாராக ஆன நாட்கள் 30 நாளில் கழிந்துவிடும், ஆனால் மனுப் போட்டிருந்தால்தான். மே மாத விடுமுறையில் கெடு முடிந்தால் கோர்ட் திறக்கும் முதல் நாளில் தாக்கல் செய்யலாம், அடுத்த நாள் என்றால் தாமத மன்னிப்பு மனு, அதற்கு ஒரு காரணம், ஒருவேளை அதற்கும் ஒரு நிபந்தனைச் செலவு. பெண்களும் பட்டியல் சாதி, பழங்குடியினரும் வருமானம் எவ்வளவு இருந்தாலும் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் இலவசமாக வக்கீல் கேட்கலாம், அப்பீலுக்கும் கேட்கலாம் என்பதையும் சேர்த்துப் போடுங்கள். தாலுகா கோர்ட் வளாகத்திலேயே அந்த அறை இருக்கிறது, போர்டும் இருக்கிறது.

இப்படிக்கு,
ஒரு பத்திர எழுத்தர்,
தென்மாவட்ட வாசகர்